ட்ரோன் கண்ணில் படாத சுவர்

கற்பகமும் கிடையாது, விருட்சமும் கிடையாது, தோட்டமென்று சொல்லிக்கொள்ள வீட்டுக்கொரு கறிவேப்பிலைச் செடிக்குமேல் ஒன்றும் கிடையாது. ஆனாலும் நொய்யலுக்கு வடக்கே, சோளக்காட்டை மனைகளாக அறுத்து விற்ற அந்தக் குடியிருப்புக்குக் 'கற்பக விருட்சம் கார்டன்' என்று வளைவு வைத்துப் பெயரெழுதியிருந்தார்கள். வளைவுக்குள் வசித்தவர்கள் தாங்கள் ஒரு தோட்டத்தில்தான் வசிப்பதாக மனப்பூர்வமாக நம்பினார்கள். நம்புகிறவர்களுக்கு எல்லாம் கிடைக்கும் என்பார்களே, அப்படி அவர்களுக்குக் காற்று கிடைத்தது, வெளிச்சம் கிடைத்தது, நிம்மதி கிடைத்தது, அவற்றைக் காத்துக்கொள்ள ஒரு சுவரும் கிடைத்தது.

சுவர் கிழக்கு எல்லையில் இரண்டாள் உயரத்துக்கு நின்றது. தெருநாய்த் தொல்லையை ஒழிப்பதற்காக அதைக் கட்டியதாகக் குடியிருப்போர் நலச் சங்கத்தின் தீர்மானம் சொன்னது. நாய்களோ சாக்கடைக் குழாய் வழியே நுழைந்து, வெயிலுக்கு இதமாக இருக்கிறதென்று அந்தச் சுவரின் நிழலிலேயே படுத்துத் தூங்கின. சுவருக்கு அப்பாலிருந்த தெருக்களுக்கும் ஒரு பெயர் இருந்தது. கார்டன்காரர்கள் யாரும் அதை வாயால் சொன்னதில்லை. 'அக்கட்ட' என்று சொல்லிக் கையை வெளியே வீசிக் காட்டுவார்கள். அந்தப் பக்கம் என்று பொருள்படும் அந்த ஒரு சொல்லிலும் அந்தக் கைவீச்சிலும் அவர்கள் சொல்ல நினைத்ததெல்லாம் அடங்கிவிடும். அக்கட்டயிலிருந்து பேருந்து நிறுத்தத்துக்கு முன்பெல்லாம் ஒரு வண்டித்தடம் நேராக ஓடியது. சுவர் அந்தத் தடத்தின் குறுக்கே எழும்பியபின், அங்கிருந்தவர்கள் பள்ளிக்கும் வேலைக்கும் நெடுஞ்சாலையைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

நாய் காரணமில்லை என்பது நாய்களுக்கே தெரிந்திருந்தது. சங்கத்தின் செயலாளர் சென்னியப்பனின் ஒரே மகள் பூரணி, அக்கட்டயைச் சேர்ந்த அறிவழகன் என்ற மருந்தாளுநரைப் பதிவுத் திருமணம் செய்துகொண்ட மாதத்தில்தான் சுவருக்குக் கடைக்கால் தோண்டினார்கள். சுவர் எழும்பி முடிந்த அன்று சென்னியப்பன் தம் மனைவி தவமணியைச் சாமி அலமாரிக்கு முன்னால் நிறுத்தி, அவளுடைய வலதுகையை எடுத்துத் தம் தலைமேல் வைத்துக்கொண்டு, "சுவத்துக்கு அக்கட்ட காலு வெக்க மாட்டேன், அவகிட்டப் போன் பேச மாட்டேன்னு சொல்லு" என்றார். தவமணி இயற்பியல் பட்டதாரி. ரசத்துக்கு உப்புப் போடும்போதுகூடக் கரண்டியின் விளிம்பைக் கத்தி முதுகால் வழித்துச் சமன் செய்கிறவள். சொல்லச் சொன்ன வாக்கியத்தை ஒரு சொல் கூட்டாமல், ஒரு சொல் குறைக்காமல் அப்படியே சொன்னாள். காலும் போனும் சத்தியத்துக்குள் அடங்கின. கண்ணைப் பற்றி அவர் கேட்கவில்லை. காற்றைப் பற்றியும் கேட்கவில்லை.

மொட்டை மாடிக்குப் போனாலும் சுவரும் அதையொட்டி நின்ற தண்ணீர்த் தொட்டியும்தான் தெரிந்தன. பூரணிக்குப் பெண் குழந்தை பிறந்த செய்தி பால் ஊற்றுகிற சரஸ்வதி மூலம் வந்தது; தூரிகை என்று பெயர் வைத்த செய்தியும் அவள் மூலம் வந்தது; குழந்தைக்கு இப்போது இரண்டு வயதாகிறது, மூக்கு பூரணியைப் போல, பிடிவாதம் யாரைப் போலவோ என்ற செய்தியும் வந்தது. முகம் மட்டும் வரவில்லை. பேத்தியின் முகத்தைப் பார்க்காமல் செத்துப்போய்விடுவோமோ என்ற ஒரே பயம்தான் தவமணிக்கு அந்த வீட்டில் சொந்தமாக இருந்தது; மீதி எல்லாம் சென்னியப்பனுடையது.

இப்படி இருக்கையில் கார்டனுக்குப் பத்தாமாண்டு விழா வந்தது.

"நம்ம கார்டனை மேல இருந்து படம் புடிச்சுப் பெரிய திரையில போட்டுக் காட்டோணும்" என்றார் சென்னியப்பன், கூடத்தில் கூடியிருந்த ஐந்து பேர் கொண்ட செயற்குழுவிடம். "அதுக்கு ஒரு ட்ரோன் வாங்கிப் போடுவோம். சங்கத்துக்கும் ஒரு கெத்தா இருக்கும்."

பொருளாளர் அர்த்தநாரி சாயப்பட்டறை வைத்திருந்தவர், எதிலும் பெரிதையே விரும்புகிறவர். "மண்டபத்துல கல்யாணத்தைப் படம் புடிக்கறானுங்களே அண்ணா, எட்டு இறக்கையோட எருமைக் கன்னாட்டம் ஒண்ணு, அதையே வாங்கிருவோமுங்" என்றார். இன்னொருவர், தேர்த்திருவிழாக் கடையில் உள்ளங்கையளவு ட்ரோன் விற்றதாகவும் அதுவும் பறந்ததாகவும் சொன்னார்.

காப்பித் தட்டோடு வந்த தவமணி, குழுவின் முன்னால் பெண்கள் யோசனை சொல்லும் வழக்கம் அந்த வீட்டில் இல்லாததால், தம்ளர்களை வைத்தபடியே கணவனைப் பார்த்துச் சொன்னாள்: "நேத்து நீங்க சொன்னீங்களே மாமா, விளையாட்டுச் சாமான் வாங்கினா காத்தடிச்ச பக்கம் போயிரும், பெரிசு வாங்கினா லைசென்ஸு, பயிற்சின்னு அலையோணும், அதனால நடுத்தரமா, கால் கிலோவுக்குள்ள எடையில, ஜி.பி.எஸ். இருக்கறதா, காத்துல கேமரா ஆடாம நிக்கறதாப் பாத்து வாங்கோணும்னு."

சென்னியப்பன் முந்தைய நாள் முழுவதும் கழிவுநீர்த் தொட்டியின் மூடியைப் பற்றி மட்டுமே பேசியிருந்தார். ஆனால் தாம் அறிவாகப் பேசியதாக ஒருவர் சொல்லும்போது அதை மறுக்கிற பழக்கம் அவருக்கு இல்லை.

"ஆமா, சொன்னேன்" என்றார். "இன்னும் என்னமோ சொன்னேனே?"

"முன்னால, பின்னால, கீழ, மூணு பக்கமும் தடை ஏதாச்சு இருந்தா அதுவே கண்டுபுடிச்சு நின்னுக்கறதா இருக்கோணும்னீங்க. ஒருக்காச் சார்ஜ் போட்டா அரைமணி நேரமாச்சும் பறக்கோணும்னீங்க. சிக்னல் போச்சுன்னாக்கூடக் கெளம்பின எடத்துக்கே தானாத் திரும்பி வரோணும்னீங்க."

"திரும்பி வர்றது ரொம்ப முக்கியமுங் அண்ணா" என்று அர்த்தநாரி தொடையைத் தட்டினார். "நாம பெத்ததுகளே திரும்பி வர்றதில்லை!" சொன்ன பிறகுதான் யார் வீட்டுக் காப்பியைக் குடித்துக்கொண்டு சொல்கிறோம் என்று அவருக்கு உறைத்தது. மீதிக் காப்பியை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, அவசர வேலை இருப்பதாக எழுந்தார். இவ்வாறு, ஒரு மாத காலம் சமையலறையில் கைப்பேசியை வைத்துக்கொண்டு தவமணி ஒப்பிட்டுப் பார்த்துத் தேர்ந்தெடுத்த ட்ரோன், செயலாளரின் தொழில்நுட்ப ஞானத்துக்குச் சான்றாக ஏகமனதாக நிறைவேறியது.

ட்ரோன் வந்திறங்கிய வெள்ளிக்கிழமை கார்டனின் பூங்காவில் அதற்குப் பூசை போட்டார்கள். புது வண்டிக்குச் சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குவது முறை. இதற்குச் சக்கரம் எங்கே என்று அர்த்தநாரி குனிந்து தேடினார், கிடைக்காமல் நான்கு இறக்கைக்கும் அடியில் நான்கு பழம் வைத்தார். சென்னியப்பன் சந்தனத்தைக் குழைத்து, முன்பக்கமிருந்த இரண்டு உணரிகளும் இரண்டு கண் போலிருந்ததால், அந்தக் கண்களின்மீதே அப்பிக் குங்குமமும் வைத்தார்.

"பொட்டு கண்ணுக்கு நடுவுல வெப்பாங்க மாமா" என்றாள் தவமணி. "கண்ணுமேல வெக்க மாட்டாங்க."

"அதெல்லாம் அதுக்குத் தெரியும்" என்றார் அவர்.

கற்பூரம் அணைந்து, கூட்டம் பொங்கலுக்குப் போனபின், தவமணி மூக்குக்கண்ணாடி துடைக்கிற துணியால் சந்தனத்தை ஒரு துகள் மிச்சமில்லாமல் துடைத்தெடுத்தாள். கேமராவைப் பிடித்திருந்த நெகிழிக் கவ்வியை மறக்காமல் கழற்றினாள். வெள்ளைக்கோடு போட்ட இறக்கைகளை வெள்ளைக்கோடு போட்ட மோட்டார்களில் மாட்டி, மற்றவற்றை மற்றவற்றில் மாட்டி, ஒவ்வொன்றையும் விரலால் சுண்டிப் பார்த்தாள். மென்பொருளைப் புதுப்பித்தாள். திரும்பி வருகையில் தண்ணீர்த் தொட்டிகளில் மோதாதபடி திரும்பும் உயரத்தைக் கூட்டி வைத்தாள். பிறகு, இரும்புக் கதவுகளிடமிருந்து விலகிப் பூங்காவின் நடுவுக்குப் போய், திசைகாட்டியை நேர்ப்படுத்துவதற்காக, ட்ரோனைக் கிடையாகப் பிடித்துக்கொண்டு ஒரு சுற்றும், மூக்கு வானைப் பார்க்கப் பிடித்துக்கொண்டு இன்னொரு சுற்றும் நின்ற இடத்திலேயே சுற்றினாள்.

அர்த்தநாரியின் மனைவி சுலோச்சனா கையில் பொங்கலோடு வந்து நின்று பார்த்தாள். "திருஷ்டி சுத்தறீங்களாக்கா? இடவலமாச் சுத்துங்க. வலமா மட்டும் சுத்தினீங்கன்னா அது நம்ம மேலயே ஒட்டிக்கும்."

"சரி கண்ணு" என்ற தவமணி, திசைகாட்டிக்கு அதில் ஆட்சேபம் இல்லாததால், அவளுடைய மனநிறைவுக்காக இடமாகவும் ஒரு சுற்றுச் சுற்றினாள். செயற்கைக்கோள்கள் போதுமான அளவு கிடைத்துவிட்டதாகத் திரை பச்சை காட்டியது.

முதல் பறத்தலுக்குச் சென்னியப்பன்தான் கட்டுப்பாட்டுக் கருவியைப் பிடித்தார், தம்மைப் புகைப்படம் எடுத்து முடிக்கும்வரை. எடுத்து முடித்ததும் "இந்தா, புடி" என்று மனைவியிடம் கொடுத்துவிட்டுப் பின்னால் நின்று ஆணையிடத் தொடங்கினார். ட்ரோன் எழும்பியது. திரையில் கார்டன் விரிந்தது: வடகம் காய்கிற மாடிகள், கறுப்புத் தொட்டிகள், சூரிய வெந்நீர்க் கலன்கள், அண்ணாந்து கையாட்டுகிற பெண்கள். ட்ரோன் கிழக்கே திரும்பியபோது, கார்டனின் நடுத்தெரு நேராகப் போய், எங்கும் நிற்காமல், அக்கட்டயின் தெருவாகத் தொடர்ந்து, ஒரு வேப்பமரத்தைத் தாண்டி வளைந்தது.

எல்லோரும் தலையைத் தூக்கிச் சுவரைப் பார்த்தார்கள். இருந்தது. குனிந்து திரையைப் பார்த்தார்கள். இல்லை.

"சுவத்தைக் காணமுங்" என்றார் அர்த்தநாரி, கோயில் வாசலில் விட்ட செருப்பைக் காணோம் என்கிற குரலில்.

"கீழ எறக்கு" என்றார் சென்னியப்பன். "பக்கத்துல போ. தடையிருந்தாத் தானா நிக்கும்னு நான்தான் சொன்னனே."

தவமணி இறக்கினாள். மார்பளவு உயரத்தில் மெல்ல நகர்ந்த ட்ரோன், தென்னங்கீற்றைக் கண்டு நின்றது, விலகிப் போனது, துணி காயப்போட்ட கம்பியைக் கண்டு நின்றது, விலகிப் போனது, ஒரு தும்பி குறுக்கே வந்தபோதுகூட ஒரு கணம் தயங்கி வழிவிட்டது, அதன்பின் சுவரை நெருங்கி, அடுத்த அறைக்குப் போகிறவர்கள் வாசற்படியைத் தாண்டுவது போல, சுண்ணாம்பும் உதிராமல் சத்தமும் எழாமல் சுவருக்குள் நுழைந்து அந்தப் பக்கம் போனது.

"செட்டிங்ஸ்ல கோளாறு" என்றார் சென்னியப்பன்.

உதவி எண்ணுக்குப் பேசினார்கள். எடுத்தது ஒரு பெண். பொறுமையாக எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, "சார், அந்த எடத்துல சுவர் இருக்குங்களா?" என்றாள்.

"நாங்களே கட்டினதும்மா!"

"தடைன்னு ஒண்ணு இருந்தா எங்க ட்ரோன் நின்னுரும் சார். நிக்கலைன்னா தடை இல்லைன்னுதான் சார் அர்த்தம்."

"பாதுகாப்புக்குக் கட்டின சுவரும்மா அது."

"யார்கிட்ட இருந்து சார் பாதுகாப்பு?"

சிக்னல் சரியில்லை என்று சொல்லிச் சென்னியப்பன் வைத்துவிட்டார்.

கார்டன் இதற்காகக் கலங்கிவிடவில்லை. சுவர் மங்கலாக இருப்பதால் படத்தில் விழவில்லை என்று முடிவுசெய்து, பார்த்தாலே கண் கூசுகிற மஞ்சளில் வண்ணம் அடித்தார்கள். திரையில் வண்ணக்காரர்கள் ஒன்றுமில்லாத வெளியில் ஏணியைச் சாய்த்து ஏறி, ஒன்றுமில்லாத வெளியில் தூரிகையை இழுத்துக்கொண்டிருந்தார்கள். உயரம் போதவில்லை என்று மேலே நான்கு வரிசை கல் வைத்தார்கள். திரையில் கொத்தனார் சட்டியோடு வானத்தில் உட்கார்ந்து பீடி பற்றவைத்தார். சீரியல் விளக்கு கட்டினார்கள். விளக்குகள் மட்டும் மின்மினிக் கூட்டம் போல மிதந்தன. கடைசியில், கார்டனின் ஆண்களே ராத்திரி நடைக்குப் போகிற சாக்கில் அந்தச் சுவரோரம் ஒதுங்குவதைத் தடுப்பதற்கென்று ஏற்கெனவே தீர்மானித்திருந்தபடி, இடுப்பளவு உயரத்தில் சாமிப்படம் போட்ட ஓடுகளை வரிசையாகப் பதித்தார்கள்: பிள்ளையார், சமயபுரத்தாள், வேலோடு முருகன், எந்த மதத்தானும் ஒதுங்கிவிடக் கூடாதென்று வேளாங்கண்ணி மாதா, பிறைநிலாவோடு ஒரு பள்ளிவாசல்.

அன்று மாலை திரையில் சாமிகள் அந்தரத்தில் நின்றார்கள். பின்னால் சுவரில்லை, கீழே பீடமில்லை, மேலே கூரையில்லை. சாய்ந்த வெயில் ஊடே பாய, மாதாவும் முருகனும் காற்றில் அக்கம்பக்கமாக நின்றார்கள்.

"அம்மா தாயே" என்று சுலோச்சனா கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

சுவர் காணாமல் போனது கோளாறு, சாமி அந்தரத்தில் நிற்பது அருள் என்று கார்டன் அக்கணமே பிரித்துக்கொண்டது. பூங்காவில் பெரிய தொலைக்காட்சியை நிறுத்தினார்கள். அந்திதோறும் ட்ரோன் எழும்பும் நேரத்துக்குக் குளித்துவிட்டு வந்து உட்கார்ந்தார்கள். சுலோச்சனா சுண்டல் செய்துகொண்டு வந்தாள். மூன்று தெரு தள்ளியிருந்தவர்கள் மாமனார் மாமியாரைக் காரில் அழைத்துவந்து காட்டினார்கள், பரீட்சைக்குப் போகிற பிள்ளைகள் ஹால் டிக்கெட்டைத் திரையின்மேல் ஒற்றி எடுத்துக்கொண்டார்கள், நிச்சயமாகாத கல்யாணங்கள் நிச்சயமானதாகச் செய்தி பரவியது. அந்த அருளைக் கீழே கொண்டுவருகிறவள் என்பதால் தவமணியை 'ட்ரோன் அக்கா' என்று மரியாதையாக அழைத்து, உட்கார ஒரு முக்காலியும் போட்டார்கள்.

தவமணி மட்டும் சாமிகளுக்குப் பின்னால் பார்த்தாள். முருகனுடைய மயிலுக்கும் மாதாவின் அங்கிக்கும் இடைப்பட்ட வெளியில், வேப்பமரத்தடியில், நீலக் கதவு போட்ட ஒரு வீடு இருந்தது. அந்தக் கதவைத் திறந்துகொண்டு பூரணி வந்து துணி காயப்போட்டாள், இளைத்திருந்தாள். அவளுக்குப் பின்னால் ஒற்றைச் செருப்பைக் காலிலும் இன்னொன்றைக் கையிலும் போட்டுக்கொண்டு ஒரு குழந்தை ஓடிவந்தது. கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டபோது தவமணியும் போட்டுக்கொண்டாள். அவள் கும்பிட்டது எந்தச் சாமியை என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை.

அக்கட்டயில் முதலில் "வேவு பாக்க அனுப்பியிருக்கானுங்க" என்று ஒருவர் கல்லெடுத்தார். பூரணிதான் அவர் கையைப் பிடித்தாள். அன்று நல்ல காற்று. வேப்பங்கிளைகளெல்லாம் வளைந்தாட, அந்தச் சின்ன எந்திரம் மட்டும் தண்ணீர் தளும்பாத குடம் போல நின்றது. கார்டனில் இத்தனை நிதானமான கை ஒன்றே ஒன்றுதான் உண்டென்று பூரணிக்குத் தெரியும். குழந்தையைத் தூக்கித் தலைக்குமேல், கேமராவுக்கு நேராகப் பிடித்தாள். தூரிகையின் முகம் திரை முழுக்க நிறைந்தது. மூக்கு பூரணியுடையதுதான். பேட்டரி தீரப்போகிறதென்று கருவி கத்தக் கத்தத் தவமணி ட்ரோனை நகர்த்தவில்லை. கடைசியில் அதுவாகவே திரும்பி வந்துவிட்டது.

"சாமியை விட்டுப்போட்டு அக்கட்டத்துக் கொளந்தையப் போயிக் காட்டறீங்களேக்கா" என்றாள் சுலோச்சனா.

"காத்து தள்ளிருச்சு கண்ணு" என்றாள் தவமணி.

மூடிய வண்டித்தடத்தைத் திறந்துவிடக் கோரி அறிவழகனும் அவன் தெருக்காரர்களும் கொடுத்திருந்த மனு, பல மேசைகளில் படுத்துறங்கியபின், ஒருவழியாக அந்த மாதம் எழுந்து உட்கார்ந்தது. அதிகாரி நேரில் பார்வையிட வருகிறார் என்று தகவல் வந்ததும் செயற்குழு சென்னியப்பன் வீட்டுக் கூடத்தில் வியர்த்தது. சுவர் இருக்கிறதென்றால் இடிக்கச் சொல்வார்கள். இல்லையென்று எப்படிச் சொல்வது?

அர்த்தநாரி திடீரென்று நிமிர்ந்தார். "அண்ணா! நம்மகிட்டத்தான் படமே இருக்குதுங்களே! சுவரே இல்லாத படம்!"

இத்தனை நாள் கோளாறென்று திட்டிய எந்திரத்தை ஐவரும் கண்கலங்கப் பார்த்தார்கள். 'மேற்படி இடத்தில் சுவர் என்று எதுவும் இல்லை. இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்ற பிரிவு எக்காலத்தும் இருந்ததில்லை. பொதுவழி தடையின்றித் திறந்தே உள்ளது. இது எங்கள் அறிவுக்கெட்டியவரை உண்மை' என்று எழுதி, ஐந்து பேரும் கையெழுத்திட்டு, படத்தையும் இணைத்தார்கள்.

"நல்லாப் படிச்சுப் பாத்துத்தான் கையெழுத்துப் போட்டீங்களா மாமா?" என்றாள் காப்பி கொண்டுவந்த தவமணி.

"ஒரு தடவைக்கு ரெண்டு தடவை படிச்சேன். உனக்கெதுக்கு அதெல்லாம்?"

"எதுக்குமில்லீங்க" என்று சொல்லிவிட்டு அவள் அந்தத் தாளை ஒருமுறை நிதானமாகப் படித்தாள்.

அதிகாரி உச்சி வெயிலில் வந்தார், ஆகையால் காரைவிட்டு இறங்கவில்லை. மஞ்சளடித்து விளக்கு கட்டிய சுவர் காருக்கு நேர் பின்னால் நின்றது. அவர் கண்ணாடியை நாலு விரல் இறக்கிப் படத்தை வாங்கி முழுவதும் பார்த்தார்.

"ஐயா, ஒருக்காத் திரும்பிப் பாருங்கையா" என்றான் அறிவழகன். "உங்க முதுகுக்குப் பின்னாலயே நிக்குது."

"தம்பி, அஞ்சு பொறுப்பான மனுசங்க எழுதிக் கொடுத்திருக்காங்க, வீடியோ ஆதாரம் இருக்கு" என்றார் அதிகாரி. "இல்லைன்னு இவ்வளவு தெளிவா இருக்கறதை நான் எப்படித் திரும்பிப் பாக்கறது?"

சுவர் இல்லை, வழி திறந்துள்ளது, மனு தள்ளுபடி என்று உத்தரவு வந்தது. கார்டனில் வீட்டுக்கு வீடு ஜாங்கிரி கொடுத்தார்கள்.

உத்தரவை முதலில் மதித்தது ஒரு வெள்ளாடு. மறுநாள் காலையில் அது அக்கட்டயிலிருந்து நேராக நடந்து, சுவர் நின்ற இடத்தில் வேகம்கூடக் குறைக்காமல் வந்து, சென்னியப்பன் வீட்டுக் கறிவேப்பிலையைக் கடித்தது. அதன் பின்னால் சரஸ்வதி பால் கேனோடு வந்தாள். சீருடைப் பிள்ளைகள் பையைக் குலுக்கிக்கொண்டு ஓடிவந்து பேருந்தைப் பிடித்தார்கள். முதலில் கார்டன்காரர்கள் கூச்சல் போட்டார்கள், அவசரக் கூட்டம் கூட்ட வேண்டுமென்றார்கள். அதற்குள் சுலோச்சனா, அக்கட்டயில் ரவிக்கை நன்றாகத் தைக்கிற ஒருத்தி இருப்பதைக் கேள்விப்பட்டு, துணியை எடுத்துக்கொண்டு நேராக நடந்து போய், அளவு கொடுத்துவிட்டு நேராக நடந்து வந்தாள். அவளுக்கு எதுவும் தட்டுப்படவில்லை. அடுத்து ஒருவர் பூ வாங்கப் போனார், ஒருவர் ஊசி போட்டுக்கொள்ளப் போனார். ஒரு மாதம் ஆவதற்குள், தாங்கள் எப்போதும் அந்த வழியாகத்தான் போய்வந்துகொண்டிருந்ததாக எல்லோருக்கும் ஞாபகம் வந்துவிட்டது. ஓடுகள் மட்டும் அந்தரத்திலேயே நின்றன. போகிறவர்கள் வருகிறவர்கள் அவற்றைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள்.

கையெழுத்துப் போட்ட ஐந்து பேருக்கு மட்டும் சுவர் அப்படியே இருந்தது, மஞ்சள் வண்ணமும் மேலே ஏற்றிய நான்கு வரிசையும் உட்பட. அர்த்தநாரி மற்றவர்களைப் பார்த்துத் தாமும் போகலாமென்று வேகமாக நடந்து போய், நெற்றி புடைக்கத் திரும்பினார். மற்ற மூவருக்கும் அதே இடத்தில் அதே அளவு புடைப்பு. யாரிடம் போய்ச் சொல்வது? சுவரே இல்லையென்று எழுதிக் கொடுத்தவர்கள், சுவர் இடிக்கிறதென்று எந்த அலுவலகத்தில் முறையிடுவது?

"ஏனுங், நடுவீதியில நின்னுட்டுக் காத்தைத் தடவிட்டு இருக்கறீங்க?" என்று சுலோச்சனா கணவனை அதட்டினாள். "சனம் பாக்குதில்ல? ஊட்டுக்கு வாங்க."

தவமணி உடனே போய்விடவில்லை. உத்தரவின் நகல் வீட்டுக்கு வரும்வரை காத்திருந்தாள். வந்ததும் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தாள், நிறுத்தக்குறிகள் உட்பட. பிறகு பட்டில் சேராத ஆனால் நல்ல சேலையாக ஒன்றைக் கட்டிக்கொண்டு, கூடத்தில் உட்கார்ந்திருந்த கணவன் முன்னால் வந்து நின்றாள்.

"நான் பூரணியைப் பாக்கப் போறனுங்க மாமா."

சென்னியப்பன் பத்திரிகையை இறக்கினார். "என்ற தலைமேல கை வெச்சுச் சத்தியம் பண்ணியிருக்கறே. மறந்துபோச்சா?"

"மறக்கலீங்க. சுவத்துக்கு அக்கட்ட காலு வெக்க மாட்டேன்னுதான் பண்ணினேன். இன்னிக்கும் வெக்க மாட்டேன். ஆனா சுவரே இல்லைன்னும், அந்தப் பக்கம்னு ஒண்ணு எந்தக் காலத்துலயும் இருந்ததில்லைன்னும் நீங்கதான் எழுதிக் கொடுத்திருக்கறீங்க. உண்மைன்னு வேற போட்டிருக்கறீங்க. நீங்க எழுதினதைப் பொய்யாக்கினா உங்க தலைக்குத்தானுங்களே ஆகாது?"

அவர் வாயைத் திறந்தார். சுவர் இருக்கிறது என்று சொல்ல வேண்டும். சொன்னால் கையெழுத்துப் பொய். இல்லை என்று சொல்ல வேண்டும். சொன்னால் இவள் போய்விடுவாள். அவர் வாயை மூடுவதற்குள் தவமணி படியிறங்கி, நடுத்தெருவில் நேராக நடந்து, முருகனுக்கும் மாதாவுக்கும் இடையில் புகுந்து போய்விட்டாள்.

பூரணி கதவருகில் நின்றவள் அப்படியே நின்றாள். "ட்ரோன் இல்லாம வந்திருக்கறே" என்றாள், அழாமலிருப்பதற்காக.

"பேட்டரி சார்ஜ்ல போட்டிருக்குது" என்றாள் தவமணி. அதற்குமேல் இருவராலும் அழாமலிருக்க முடியவில்லை. தூரிகை மட்டும், தான் இதுவரை பார்த்திராத ஒரு சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்து, அதற்குள் யார் இருக்கிறார்கள் என்று ஆராய்ந்தது.

சாயங்காலம்வரை சென்னியப்பன் பொறுத்துப் பார்த்தார். காப்பி வரவில்லை. திரையில் சாமி பார்க்க வந்தவர்கள், ட்ரோன் அக்காவைக் காணோமே என்று அவரிடமே கேட்டுவிட்டுப் போனார்கள். அவர் துவைத்த வேட்டி கட்டி, விபூதி வைத்து, சங்கத்தின் செயலாளர் நடக்கிற நடையில் கிழக்கே நடந்தார். அவருக்குச் சுவரும், மற்றவர்களுக்குத் திறந்த வீதியும் தெரிகிற அந்த இடத்தில் போய் நின்றார்.

"தவமணீ!" என்று, சுவருக்குமேல் எம்பிப் போகட்டுமென்று அவர் போட்ட சத்தம், பத்தடி தள்ளி வேப்பமரத்தடியில் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தவளின் காதைக் கிழித்தது.

"ஏனுங்க இப்படிக் கத்தறீங்க? இங்கதானே இருக்கறேன். வாங்க."

"நான் ஒண்ணும் அங்க வர்றதுக்கு வரலை. உன்னையக் கூப்புட்டுட்டுப் போலாம்னு வந்தேன்."

"வாங்கப்பா" என்றது இன்னொரு குரல். இந்த மூன்று வருடத்தில் அவர் கேட்காத குரல்.

அவருடைய கால் அவரைக் கேட்காமல் ஓரடி முன்னால் போனது. நெற்றி 'ணங்'கென்று மோதியது. அவர் இரண்டு கையாலும் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். வீதியில் போனவர்கள், அந்தப் பெரிய மனிதர் காற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்து, ஒதுங்கி வழிவிட்டுப் போனார்கள்.

எங்கிருந்தோ ஒரு சிரிப்புக் கேட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்கி, மறுபடியும் தொடங்குகிற சிரிப்பு. செயலாளரான நாள்முதல் அவரைப் பார்த்து யாரும் அப்படிச் சிரித்ததில்லை. குனிந்து பார்த்தார். ஒற்றைச் செருப்போடு ஒரு குழந்தை, சுவரின் மஞ்சளுக்குள் பாதியும் வெளியில் மீதியுமாக நின்று அவரை அண்ணாந்து பார்த்தது.

"யாரும்மா இது?" என்றது அது.

"உன்ற அப்புச்சி" என்றாள் பூரணி, சுவருக்கு அப்பாலிருந்து.

தூரிகை முழுதாக இந்தப் பக்கம் வந்தது. அவர் மண்டியிட்டார். குழந்தை ஒரு விரலால் அவர் நெற்றியிலிருந்த புடைப்பைத் தொட்டு அழுத்திப் பார்த்தது. அவர் வலித்ததைக் காட்டிக்கொள்ளவில்லை. குழந்தை திருப்தியடைந்து, திரும்பி நடந்து, அவருடைய கைக்கெட்டாத பக்கம் போய் நின்றுகொண்டது. அவர் எழுந்தார்.

"அப்புச்சி" என்று சுவருக்குள்ளிருந்து குரல் வந்தது. "இன்னொருக்கா!"

கார்டனில் யாராவது பார்க்கிறார்களா என்று சென்னியப்பன் பின்னால் திரும்பிப் பார்த்தார். எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டார். இரண்டடி பின்னால் போனார். பிறகு, வேகமாக வந்து இடித்துக்கொண்டார்.